காற்று நல்ல ஜாகை

வீடு பார்ப்பதில் நான் கெட்டிக்காரன் என்று எங்கள் உறவினர் மத்தியில் ஒரு பெயர் ஏற்பட்டிருக்கிறது. அது எப்படி ஏற்பட்டது என்று எனக்கே விளங்கவில்லை. கதைகளில் வீடுகளை வர்ணிக்கிறவனுக்கு நிஜ வீடுகளைப் பற்றியும் ஏதாவது தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ! ஆகையால் ஊரிலிருந்து சென்னைக்கு ஜாகை தேடி யார் வந்தாலும் முதலில் என் வீட்டுத் திண்ணையில்தான் பெட்டியை இறக்குவார்கள்.

போன தை மாதம் என் பெரியப்பா மகன் மாயவரத்திலிருந்து வந்து சேர்ந்தார். அண்ணிக்குப் பெரிய ஆபரேஷன் ஆகியிருந்தது. இரண்டு மாதம் டாக்டரின் கண் பார்வையில் இருக்க வேண்டும், நல்ல காற்றோட்டமான இடமாகப் பார்த்துத் தங்குங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் வரும்போதே தீர்மானத்தோடு வந்திருந்தார்.

"தம்பி, வாடகை முன்னே பின்னே இருக்கட்டும். மரம் இருக்க வேண்டும். சத்தம் இருக்கக் கூடாது. நம் ஊர் மாதிரி இருக்க வேண்டும், ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கால் மணியில் போக வேண்டும். சேத்துப்பட்டுப் பக்கம் அப்படி இருக்கிறதாமே?"

இருக்கத்தான் இருக்கிறது. மறுநாள் தரகர் ஒருவரோடு ஹாரிங்டன் ரோட்டுப் பக்கம் நடந்தோம். பெரிய சாலையின் இரைச்சலை விட்டு உள்ளே திரும்பினால், இரு பக்கமும் மரங்கள் கை கோத்துக்கொண்டு நிற்கின்றன. காலை நேரத்தில் ஒரு குயில் கூடக் கூவிற்று. தரகருக்கு ஏக குஷி. அந்தக் குயிலை அவரே ஏற்பாடு செய்து வைத்தவர் போல, "பார்த்தீர்களா சார், இது மெட்ராஸே இல்லை, கிராமம்!" என்றார். கிராமத்துக்கு அவர் சொன்ன வாடகையைக் கேட்டு அண்ணன் ஒரு நிமிஷம் மரத்தடியில் நின்றுவிட்டார்.

நானும் நின்றேன். ஆனால் என் காரணம் வேறு. நோயாளி ஒருவருக்குக் காற்று நல்ல ஜாகை வேண்டும் என்று இதே தெருவில் ஒரு நூற்றாண்டுக்கு முன் சிலர் அலைந்திருக்கிறார்கள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. ஒன்றல்ல, ஒன்றன் பின் ஒன்றாக மூன்று வீடுகள் பார்த்தார்கள். அந்த நோயாளியின் பெயர் ராமானுஜன்.

கணித மேதை ராமானுஜனின் கதையைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது. கும்பகோணத்துப் பையன், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாதவன், துறைமுகக் குமாஸ்தா, கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதியவன் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். ஆனால் அவர் எந்த எந்த வீடுகளில் இருந்தார் என்று பார்த்துக்கொண்டு போனால் அதே கதை வேறு ஒரு முகத்தைக் காட்டுகிறது.

உடம்பு திடமாக இருந்த நாளில் அவருக்கு யாரும் ஜாகை தேடித் தரவில்லை. 1910-ஐ ஒட்டிய வருஷங்களில் அவர் சென்னைக்கு வேலை தேடி வந்தபோது, கிடைத்த இடத்தில் ஒண்டிக்கொண்டார். திருவல்லிக்கேணியில் மாணவர்களோடு சேர்ந்து அறைவாசம். பிறகு துறைமுகத்தில் வேலையானதும் ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் குடித்தனம். அதற்கப்புறம் மறுபடியும் திருவல்லிக்கேணி. 1912 மார்ச் முதல் தேதி அவர் ஏற்றுக்கொண்ட உத்தியோகத்துக்கு மாதம் 30 ரூபாய் சம்பளம். தாயாரும் இளம் மனைவி ஜானகியும் கூட இருந்தார்கள். அந்தச் சம்பளத்தில் மரமும் குயிலும் உள்ள தெருவைப் பற்றி யார் கனவு காண முடியும்? காகிதம் வாங்கவே யோசித்துச் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து அழித்து எழுதியவர் அவர். ஹார்டியைத் தூக்கிவாரிப் போட்ட சூத்திரங்கள் அந்தச் சந்துகளிலிருந்துதான் புறப்பட்டுப் போயின.

அதே காலத்துச் சேத்துப்பட்டைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கோட்டைக்குள்ளும் கறுப்பர் பட்டணத்திலும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த வாழ்க்கை வெள்ளைக்காரர்களுக்கு அலுத்துப் போய், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அவர்கள் ஊருக்கு வெளியே தோட்ட வீடுகள் கட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். மவுண்ட் ரோடு, நுங்கம்பாக்கம், எழும்பூர், சேத்துப்பட்டு, அடையாறு என்று பரந்து கிடந்த வெளியில் ஏக்கர் கணக்கில் மதில் வளைத்து, நடுவில் ஒரு பங்களா. தூண் வைத்த வராந்தா, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டிய கூரை, சலவைக் கல்லைப் போல மின்னும் சுண்ணாம்புச் சுவர். பட்டணத்திலேயே இருந்துகொண்டு பட்டணத்தில் இல்லாமல் இருப்பதற்கு மனிதன் கண்டுபிடித்த உபாயம் அது. கிராமத்தின் காற்று வேண்டும், கிராமத்தின் கஷ்டம் வேண்டாம்!

காலம் போகப் போக அந்தப் பங்களாக்களில் பல நம்மவர் கைக்கு வந்தன. சேத்துப்பட்டில் அப்படிப் பெரிய சொத்துக்காரராக இருந்தவர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். பிரபலமான கட்டட கான்டிராக்டர். விக்டோரியா பப்ளிக் ஹால், கன்னிமரா நூலகம் முதலிய கட்டடங்களை எழுப்பியவர் அவர். சேத்துப்பட்டு என்ற பெயரே "செட்டிப் பேட்டை" என்பதிலிருந்து வந்தது என்று அவரை வைத்துச் சொல்கிறவர்கள் கூட உண்டு. சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஒப்புவார்களா என்பது வேறு விஷயம்.

குமாஸ்தா ராமானுஜனுக்கும் செட்டியாரின் சேத்துப்பட்டுக்கும் இடையே அன்று இருந்த தூரம் சில மைல்கள். அந்தத் தூரத்தைக் கடக்க அவர் கேம்பிரிட்ஜைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

1914-ல் கப்பலேறினார். டிரினிட்டி கல்லூரியில் இடம் கிடைத்தது. யுத்தம் வந்தது. சைவச் சாப்பாட்டுக்காரர், தாமே சமைத்துக்கொள்கிறவர், நேரம் காலம் பாராமல் வேலை செய்கிறவர். கறிகாய்க்குக் கூடத் தட்டுப்பாடு வந்தது. 1917-ல் படுத்துவிட்டார். க்ஷயரோகமாக இருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகித்தார்கள்.

அந்தக் காலத்தில் க்ஷயத்துக்கு வைத்தியம் என்ன? கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் கிருமியைக் கொல்லும் மருந்துதான் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகையால் வைத்தியம் என்பதே இடம் மாற்றுவதாக இருந்தது. மலையடிவாரம், தேவதாரு மரங்கள், திறந்த ஜன்னல், ஓய்வு, பால். இதற்கென்றே சானடோரியங்கள் கிளம்பின. உலகம் முழுவதும் வசதியுள்ள நோயாளிகள் காற்றைத் தேடிக் கப்பலிலும் ரயிலிலும் அலைந்தார்கள். வசதியில்லாதவர்கள் இருந்த இடத்திலேயே இருமிக்கொண்டிருந்தார்கள்.

ராமானுஜனையும் இந்த அலைச்சல் விடவில்லை. முதலில் கேம்பிரிட்ஜில் ஒரு நர்ஸிங் விடுதி. பிறகு மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம். அதை நடத்தியவர் நம் நாட்டு டாக்டர், டேவிட் சவுரி முத்து. பின்னாளில் இந்தியா திரும்பி 1928-ல் தாம்பரத்தில் சானடோரியம் நிறுவியவர் இவர்தான். மின்சார ரயிலில் போகிறபோது "தாம்பரம் சானடோரியம்" என்ற ஸ்டேஷன் பெயரைப் பார்க்கிறோமே, அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்கும் மனிதர். அங்கிருந்து டெர்பிஷயரில் மாட்லாக். மாட்லாக்கில் குளிர்காலத்திலும் திறந்தவெளிக் காற்றுதான் வைத்தியம். கும்பகோணத்து உடம்பு என்ன பாடுபட்டிருக்கும்! குளியலறை ஒன்றுதான் அங்கே கதகதப்பாக இருந்தது. காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு தினம் ஒரு மணி நேரம் அங்கே போய் உட்கார்ந்து எழுதப் போவதாக ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. சுற்றிலும் மலைக் காற்று. நடுவில் ஒரு மனிதர் காற்றுப் புகாத அறையைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக லண்டனில் புட்னி என்ற அமைதியான புறநகர்ப் பகுதியில் ஒரு நர்ஸிங் விடுதி. ஹார்டி டாக்ஸியில் வந்து, வண்டியின் எண் 1729, சுவாரஸ்யமில்லாத எண் என்று சொல்ல, படுக்கையில் கிடந்தவர் அதை இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு வகையில் எழுதலாம், அப்படி எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்று பதில் சொன்னது புட்னியில்தான். அதே விடுதியிலிருந்து 1919 ஜனவரி 11-ஆம் தேதி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். வருஷத்துக்கு 250 பவுன் உதவித்தொகை தருவதாகப் பல்கலைக்கழகம் சொல்லியிருந்தது. அதில் 50 பவுனைப் பெற்றோருக்குக் கொடுங்கள், என் அவசியச் செலவுகள் போக மிச்சத்தை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம் முதலிய காரியங்களுக்குப் பயன்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். நோயாளியின் கடிதம் என்று சொல்ல முடியுமா அதை?

1919 மார்ச்சில் தாய்நாடு திரும்பினார். இப்போது அவர் ராயல் சொஸைட்டி உறுப்பினர், டிரினிட்டி கல்லூரி ஃபெலோ. ஐந்து வருஷத்துக்கு முன் சந்துகளில் ஒண்டியிருந்தவருக்கு இப்போது பங்களாக்கள் கதவைத் திறந்தன. முதலில் எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. இன்று அதை டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்கிறோம். பிறகு லஸ் சர்ச் ரோடு. கோடை கடுமையானதும் காவிரிக் கரையில் கொடுமுடி. அதன் பின் சொந்த ஊரான கும்பகோணம். உடம்பு தேறவில்லை. க்ஷயரோக நிபுணர் டாக்டர் சந்திரசேகர ஐயரின் வைத்தியம் தொடர வேண்டுமென்று 1920 ஜனவரியில் மறுபடியும் சென்னை. இந்தத் தடவை சேத்துப்பட்டு.

சேத்துப்பட்டைத் தேர்ந்தெடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்பெருமாள் செட்டியார் போன்ற தனவந்தர்களும், நெல்லூரில் கலெக்டராக இருந்த நாள் முதல் ராமானுஜனை ஆதரித்து வந்த ராமசந்திர ராவும் மனசார உதவினார்கள். நல்ல காற்று, பெரிய தோட்டம், சத்தமில்லாத தெரு. அந்த நாளின் மருத்துவம் கேட்டதெல்லாம் அங்கே இருந்தது. முதலில் ஹாரிங்டன் ரோட்டில் "குட்ஸியா" என்ற வீடு. அடுத்தது "க்ரைனன்ட்". வேல்ஸ் தேசத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் அது. பிறகு "கோமெட்ரா". அது ஸ்காட்லாந்துப் பக்கம் உள்ள ஒரு தீவின் பெயர். கும்பகோணத்து ஐயங்கார் குடும்பம், பெயரைச் சரியாக உச்சரிக்கக் கூட முடியாத வீடுகளில், மடி ஆசாரத்தோடு அடுப்பு மூட்டிக்கொண்டு குடியேறிற்று.

பெயர்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். "க்ரைனன்ட்" என்ற பெயரின் தொடக்கத்திலேயே "க்ரை", அதாவது அழுகை, இருக்கிறதே என்று ராமானுஜனுக்குப் பிடிக்கவில்லையாம். அதனால்தான் கோமெட்ராவுக்கு மாறினார்களாம். சேத்துப்பட்டு என்பதை ஆங்கிலத்தில் எழுதுகிற தினுசைப் பார்த்து, "சட்-பட்டென்று முடிந்துவிடும் போலிருக்கிறது" என்ற பொருளில் அவரே சிலேடையாகச் சொன்னார் என்றும் ஒரு செய்தி உண்டு. சகுனம் பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் எனக்கு என்னவோ அதில் பயத்தைவிட வேடிக்கையே அதிகம் தெரிகிறது. தம்மைச் சுற்றி எல்லோரும் வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்து, வீட்டில் ஒன்றுமில்லை என்று அறிந்த ஒருவர் சொல்லக்கூடிய பேச்சு அது.

ஏனென்றால் அந்த வீடுகளுக்குள் காற்று எவ்வளவு வீசினாலும் புழுக்கம் தீரவில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகவில்லை. இங்கிலாந்தில் இருந்தபோது கணவன் எழுதியது மனைவிக்கும், மனைவி எழுதியது கணவனுக்கும் சரியாகப் போய்ச் சேராமல் இருந்த மனக் கசப்பு வேறு. நீயும் என்னோடு வந்திருந்தால் எனக்கு இந்த நோய் வந்திருக்காது என்று அவர் சொன்னதாக ஜானகி அம்மாள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்போது அந்தப் பெண்ணுக்கு இருபது, இருபத்தொரு வயது. வேளாவேளைக்குச் சாதமும் மோரும் எலுமிச்சைச் சாறும் கொடுத்து, வலி வந்தால் காலுக்கும் மார்புக்கும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். வெந்நீர் வைத்த அந்தப் பாத்திரங்களை வெகு காலம் வரை பத்திரமாக வைத்திருந்தாள். கோமெட்ரா பங்களாவிலிருந்து அவளுக்கு மிஞ்சிய ஆஸ்தி அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த மாதங்களில் ராமானுஜன் சும்மா படுத்திருக்கவில்லை. 1920 ஜனவரி 12-ஆம் தேதி ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் ஒரு புதிய வகைச் சார்புகளைக் கண்டிருப்பதாக அறிவித்தார். "மாக் தீட்டா" என்று அவரே பெயர் சூட்டியிருந்தார். படுக்கையில் தலையணைகளில் சாய்ந்துகொண்டு தாள் தாளாக எழுதினார். அந்தத் தாள்கள் பின்னர் இங்கிலாந்துக்குப் போய், டிரினிட்டி நூலகத்தில் ஒரு பெட்டியில் கிடந்து, 1976-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்ணில் பட்டன. "தொலைந்த நோட்டுப் புத்தகம்" என்று இன்று உலகம் போற்றுவது அதைத்தான். இறப்பதற்கு நாலு நாள் முன் வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று ஜானகி அம்மாள் சொன்னார்.

1920 ஏப்ரல் 26-ஆம் தேதி காலை, கோமெட்ராவில், எல்லாம் முடிந்தது. வயது 32. கடல் கடந்து போனதற்குப் பிராயச்சித்தம் செய்துகொள்ளாதவர் என்று ஆசாரமான உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை. ராமேசுவரம் போய் அதைச் செய்துவிட வேண்டுமென்று தாயார் எண்ணியிருந்தார். உடம்பு இடம் கொடுக்கவில்லை. காரியங்கள் நடக்க ராமசந்திர ராவ்தான் ஏற்பாடு செய்தார். காற்று நல்ல தெருவைத் தேடிக் கண்டுபிடித்த ஊரில், தோள் கொடுக்க ஆள் தேட வேண்டியிருந்தது.

இந்தக் கதைக்கு இரண்டு பின்னுரைகள் இருக்கின்றன. இரண்டும் வெகு காலம் கழித்து எழுதப்பட்டவை.

முதலாவது, 1994-ல் டி. ஏ. பி. யங் என்பவர் ராமானுஜனுடைய நோயின் விவரங்களையெல்லாம் திரட்டி ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை. அவருக்கு வந்தது க்ஷயமே அல்ல, கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்பது அவர் முடிவு. இளமையில் ராமானுஜனுக்குச் சீதபேதி வந்திருக்கிறது. அந்தக் கிருமி உடம்பில் பதுங்கியிருந்து பல வருஷம் கழித்துத் தலை காட்டக் கூடியது. அந்த நோய்க்கு அப்போதே மருந்து உண்டு. யங் சொல்வது சரியானால், மெண்டிப்பும் மாட்லாக்கும் கொடுமுடியும் சேத்துப்பட்டும் எல்லாமே வீண் பிரயாணம். ஊசி போட வேண்டிய நோயாளிக்கு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை காலத்துக்குப் பின் இதை அறுதியிட்டுச் சொல்ல யாராலும் முடியாது. நினைத்தால் மட்டும் நெஞ்சு பதைக்கிறது.

இரண்டாவது பின்னுரை இன்னும் விசித்திரமானது. அது எழுதப்பட்டதே சேத்துப்பட்டில்.

ராமானுஜன் மறைந்து 36 வருஷம் கழித்து, 1956-ல், அதே சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பமாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆகியவை சேர்ந்து தொடங்கிய க்ஷயரோக மருந்துச் சிகிச்சை நிலையம். இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அதற்குள் மருந்துகள் வந்துவிட்டிருந்தன. ஆனாலும் நோயாளி சானடோரியத்தில் படுத்து, நல்ல காற்றும் நல்ல ஆகாரமும் பூரண ஓய்வும் பெற்றால்தான் மருந்து பலிக்கும் என்ற நம்பிக்கை உலகமெங்கும் இருந்தது. நம் நாட்டில் நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். அந்த நம்பிக்கை சரியென்றால் பெரும்பாலோர் செத்துப் போக வேண்டியதுதான்.

டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முதலியோர் ஒரு சோதனை செய்தார்கள். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர். சீட்டுப் போட்டு எடுப்பது போல அவர்களை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போயிற்று. காற்று, ஓய்வு, பால், முட்டை, நர்ஸ்கள். மற்றொரு பிரிவு அவரவர் வீட்டிலேயே இருந்தது. வீடு என்றால் என்ன? ஒரே அறையில் ஆறேழு பேர், புகையும் அடுப்பு, அரை வயிற்றுக் கஞ்சி, கொஞ்சம் தேறியதும் வேலைக்கு ஓட்டம். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருஷ காலம். வீட்டில் இருந்தவர்கள் வாரம் ஒரு முறை நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று ஊழியர்கள் சந்து பொந்தெல்லாம் நுழைந்து வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள்.

முடிவு 1959-ல் வெளியாயிற்று. இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள்! காற்றோட்டமில்லாத குடிசையில் கிடந்தவனுக்கும் தோட்டத்து நடுவே கட்டிலில் படுத்தவனுக்கும் பெரிய வித்தியாசமில்லை. வீட்டில் வைத்து வைத்தியம் செய்ததால் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு நோய் அதிகம் தொற்றவும் இல்லை என்று, குடும்பங்களைத் தொடர்ந்து வருஷக்கணக்கில் கவனித்துக் கண்டார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், சாப்பிடுகிறானா என்று விசாரிக்க ஒரு மனிதர் வேண்டும். முக்கியம் அதுதான். உலகமெங்கும் க்ஷய வைத்தியத்தின் போக்கை மாற்றிய ஆராய்ச்சி இது. தேசம் தேசமாகச் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

காற்றை நம்பி ஒரு மேதையைக் கொண்டுவந்து படுக்க வைத்த அதே சேத்துப்பட்டிலிருந்து, காற்று பெரிதல்ல என்ற செய்தி உலகத்துக்குப் போயிற்று. இதை நான் கதையில் எழுதினால் "செயற்கை" என்று விமரிசகர்கள் ஒதுக்கிவிடுவார்கள்.

நாற்பது வருஷம் முன்னால் அந்த நிலையம் வந்திருக்கக் கூடாதா என்று அங்கலாய்ப்பதில் பயனில்லை. ராமானுஜனுக்கு வீடு தேடியவர்கள் தங்கள் காலத்துக்குத் தெரிந்ததில் சிறந்ததைத்தான் செய்தார்கள். ஆனால் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. நல்ல காற்றே மருந்து என்று இருந்த வரையில் உயிர் பிழைப்பதும் வாடகை கொடுக்கக் கூடியவர்களின் பாத்தியதையாக இருந்தது. 30 ரூபாய்க் குமாஸ்தா ராமானுஜன் திருவல்லிக்கேணியில் படுத்திருந்தால் அவருக்கு எந்த மதில் கதவு திறந்திருக்கும்? பெயரில்லாத எத்தனை ராமானுஜன்கள் அப்படிப் படுத்திருப்பார்கள்? மாத்திரையைக் குடிசைக்குக் கொண்டு போகலாம் என்று நிரூபித்தவர்கள் அந்த மதில் கதவை உடைத்துவிட்டார்கள்.

ஜானகி அம்மாள் பிற்பாடு தையல் கற்றுக்கொண்டு, திருவல்லிக்கேணியிலேயே குடியிருந்து, உடை தைத்தும் தையல் சொல்லிக் கொடுத்தும் ஜீவித்தார். 1994-ல், தொண்ணூற்றைந்து வயதில் காலமானார். எந்தச் சந்திலிருந்து கணவர் புறப்பட்டுப் போனாரோ அந்த வட்டாரத்திலேயே அவர் அறுபது வருஷத்துக்கு மேல் திடமாக வாழ்ந்தார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

என் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். தரகர் காட்டிய வீடு நன்றாகத்தான் இருந்தது. வராந்தாவில் நின்றால் மாமரம் தெரிந்தது. மாலையில் அண்ணியை அழைத்து வந்து காட்டினோம். அண்ணி மெதுவாக உள்ளே போய், சமையலறையைப் பார்த்து, ஜன்னலைத் திறந்து பார்த்து, வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டாள்.

"வீடு லட்சணமாத்தான் இருக்கு தம்பி. ராத்திரி எனக்கு ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடுறது? அக்கம்பக்கத்திலே ஒரு மனுஷக் குரல் கூடக் கேக்கலியே."

தரகர் குயிலைப் பற்றி மறுபடியும் சொல்ல வாயெடுத்தார். அண்ணன் கையமர்த்தினார்.

கடைசியில் திருவல்லிக்கேணியில், என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, ஒரு மாடிப் போர்ஷன் கிடைத்தது. மரம் கிடையாது. கீழ் வீட்டில் மூன்று குழந்தைகள், எதிரே ஒரு மாவு மில். வேளைக்கு மாத்திரை கொடுக்க அண்ணனுக்கு மறந்து போனாலும், கீழ் வீட்டு அம்மாள் படியேறி வந்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். இரண்டு மாதத்தில் டாக்டர் ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

புறப்படுகிற அன்று அண்ணி என்னிடம், "அந்தச் சேத்துப்பட்டு வீட்டுக்கு யாராவது வந்தாங்களா தம்பி?" என்று விசாரித்தாள். வந்திருப்பார்கள் என்றேன். காற்று நல்ல இடத்துக்கு எப்போதும் ஆள் வந்துகொண்டுதான் இருப்பார்கள்.